ஜார்ஜ் கிரோஸோட 'சவ ஊர்வலம்' ஓவியம்: கெட்ட கனவா, நரகமா, இல்ல நெஜமான பெர்லின் தெருவா?

வழிப்போக்கன்77

வணக்கம் மக்களே. ஆன்சைட் வேலைக்காக ஸ்டட்கார்ட் வந்திருக்கேன், இங்க ஞாயித்துக்கிழமைன்னா கடைகண்ணி எல்லாம் சாத்திடுறாங்க, வேற போக்கிடம் இல்லாம ஸ்டாட்ஸ்கேலரி மியூசியத்துக்குள்ள நுழைஞ்சேன். ஓவியம் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, சுத்திப் பாத்துட்டு காபி குடிச்சிட்டு வந்துடலாம்னுதான் போனது, ஆனா ஒரு படத்துக்கு முன்னாடி அப்படியே நின்னுட்டேன். ஜார்ஜ் கிரோஸ்னு ஒருத்தர் வரைஞ்சது, 1917-18னு போட்டிருக்கு, சவ ஊர்வலம்னு தலைப்பு, ஆஸ்கர் பனிட்சாவுக்கு சமர்ப்பணம்னு ஒரு வரி.

முழுக்க கருப்பும் சிவப்பும். ராத்திரி நேரத்துத் தெரு, ரெண்டு பக்கமும் பில்டிங் எல்லாம் உள்பக்கமா சாஞ்சு இப்ப விழவா அப்புறம் விழவான்னு நிக்குது. தெரு முழுக்க தலை, தலை, தலை. யாருக்கும் ஒழுங்கான மூஞ்சி கிடையாது, ஒருத்தனுக்கு மூக்கு பன்னி மாதிரி, ஒருத்தனுக்கு வாய் மட்டும்தான் இருக்கு. நடுவுல கருப்பு சவப்பெட்டி, அதுக்கு மேல ஒரு எலும்புக்கூடு ஜாலியா உக்காந்து பாட்டில்ல குடிச்சிட்டிருக்கு. கீழ ஒரு பாதிரியார் வெள்ளையா சிலுவையத் தூக்கிப் பிடிச்சிட்டிருக்கார், அவர ஒருத்தரும் கண்டுக்கல.

என் டவுட்டு இதுதான். ஒண்ணு, இது அவர் கண்ட கனவா, இல்ல நரகத்தக் காட்டுறாரா? ரெண்டு, செத்தது யாரு, பனிட்சாவா? மூணு, கூட்டம் ஏன் பெட்டியப் பாக்கவே மாட்டேங்குது? நெட்ல தேடினா ஒரு இடத்துல எக்ஸ்பிரஷனிசம்ங்கறான், இன்னொரு இடத்துல டாடாங்கறான், வேற எங்கயோ ஃபியூச்சரிசம்னும் போட்டிருக்கான், தலை சுத்துது. தெரிஞ்சவங்க கொஞ்சம் எறங்கி வந்து எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

கோட்டோவியம்

மொதல்ல பனிட்சா கதைய முடிச்சிடுவோம், நெறைய பேர் அங்கயே தடுக்கி விழுந்துடுறாங்க. சமர்ப்பணம்னு பேர் போட்டிருக்கறதால பெட்டிக்குள்ள இருக்கறது அவருதான்னு நெனச்சுக்கறாங்க, ஆனா இந்தப் படம் வரையும்போது அந்த மனுஷன் உயிரோட இருந்தார். 1853ல பொறந்தவர், மனநல டாக்டரா இருந்து எழுத்தாளர் ஆனவர். 1894ல ஒரு நாடகம் வெளியிட்டார். கதை நடக்கறது 1495ல, போர்ஜியா குடும்பத்து போப் ஆறாம் அலெக்சாண்டர் காலம். மனுஷங்க போடற ஆட்டம் தாங்காம மேலோகத்துல இருக்கறவங்க சாத்தானக் கூப்பிட்டு இதுக்கு ஒரு தண்டனை ரெடி பண்ணுப்பான்னு சொல்றாங்க, அவன் செஞ்சு குடுக்கறது சிபிலிஸ்ங்கற பால்வினை நோய். விடுவாங்களா, 1895ல ம்யூனிக் கோர்ட்டு தெய்வ நிந்தனைன்னு ஒரு வருஷம் உள்ள தள்ளிடுச்சு. வெளிய வந்தும் நிம்மதி இல்ல, கடைசிக் காலம் பூரா பைராய்த்ல மனநல விடுதியில, அங்கயேதான் 1921ல போய்ச் சேர்ந்தார். ஆக 1917ல கிரோஸ் சலாம் போடறது, ஊரே மறந்துபோன, பூட்டி வெச்ச ஒரு உயிருள்ள ஆளுக்கு.

அப்ப செத்தது யாரு? படத்துல அதுக்குப் பதில் இல்ல. ஒரு பேர் இல்ல, அழற சொந்தக்காரங்க இல்ல, மாலைகூட எனக்குத் தெரியல. இருக்கறது பெட்டி, பெட்டிமேல மரணம், மரணம் கையில பாட்டில். கிரோஸ் இந்தப் படத்தப் பத்தி அப்புறம் எழுதும்போது, ராத்திரி தெருவுல மனுஷத்தன்மை போன உருவங்களோட ஊர்வலம், மூஞ்சியில குடி, சிபிலிஸ், கொள்ளைநோய், புத்தி பேதலிச்சுப்போன மனித குலத்துக்கு எதிரா நான் வரைஞ்சதுங்கற மாதிரி சொல்லியிருக்கார். பனிட்சா பேரு ஏன் அங்க வருதுன்னு சிபிலிஸ் வழியாவே பிடிச்சுக்கலாம்.

கனவு மாதிரி இருக்குன்னு நீங்க சொன்னது சரி, ஆனா அது கனவக் கண்டு வந்ததில்ல, வரையற முறையில வந்தது. அடுத்த தடவ பாக்கும்போது தரை எங்க இருக்குன்னு தேடுங்க, கிடைக்காது. ஆளுங்க காலு எதுமேல நிக்குதுன்னே தெரியாது. பில்டிங் கோடு ஒரு மனுஷன் தலைக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வரும், ஒருத்தன் தோள் வழியா இன்னொருத்தன் மூஞ்சி தெரியும். ராத்திரி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தா கண்ணாடியில உள்ள இருக்கற ஆளும் வெளிய ஓடற கடையும் ஒண்ணுமேல ஒண்ணா தெரியுமே, அந்த மாதிரி. இந்த வித்தை இத்தாலிக்காரங்களோடது, வேகத்தையும் அசைவையும் வரையணும்னு கிளம்பின ஃபியூச்சரிஸ்டுகள். 1912ல பெர்லின்ல 'டெர் ஷ்டுர்ம்' கேலரியில அவங்க படமெல்லாம் வந்து பெரிய பரபரப்பு. அதுல கார்லோ கார்ரான்னு ஒருத்தர் வரைஞ்ச சவ ஊர்வலமும் உண்டு, கல்லிங்கற அனார்க்கிஸ்டோட (அரசாங்கமே வேணாம்ங்கற ஆளு) ஊர்வலம், இப்ப நியூயார்க் மியூசியம் ஆஃப் மாடர்ன் ஆர்ட்ல இருக்கு. அதுவும் செவப்புதான், அதுவும் கூட்டம்தான். ஆனா அங்க அவ்ளோ பேரும் அந்தப் பெட்டிக்காகத்தான் போலீஸ்கூட மல்லுக்கட்டுறாங்க, பெட்டி சரிஞ்சு விழற மாதிரி ஆடுது. கிரோஸ் அதே ஊர்வலத்த எடுத்து, அந்தப் பெட்டி மேல இருந்த அக்கறைய மட்டும் உருவிட்டார். உங்க மூணாவது கேள்விக்கு என் பதில் அதான், இவங்க சவத்துக்குப் பின்னாடி வந்த கூட்டமே இல்ல, எந்த நாளும் அந்தத் தெருவுல அலையற கூட்டம், நடுவுல ஒரு பெட்டி மாட்டிக்கிச்சு.

சும்மா_பாக்குறவன்

அண்ணே நீங்க ரொம்ப ஆழமா போறீங்க. வரைஞ்சவரே குடி, சிபிலிஸ், கொள்ளைநோய்னு மூணு சொல்லிட்டார், முன்னாடி நிக்கற மூணு மூஞ்சியும் அதுதான், எலும்புக்கூடு சாவு, பாதிரியார் சாமியார் கூட்டத்தக் கிண்டல் பண்றது, மேட்டர் ஓவர். இதுக்கு மேல விளக்கம் சொன்னா அது நம்ம கற்பனை. மாடர்ன் ஆர்ட்னாலே ஒரு சொட்டு பெயிண்ட் சிந்தினாலும் முப்பது பக்கம் எழுதுவாங்க.

அப்புறம் அந்த ஆளு வரைஞ்சதுல எனக்கு அழகுன்னு ஒண்ணும் தெரியல. சின்னப் பையன் சுவத்துல கிறுக்கின மாதிரி இருக்கு.

நெக்கார்க்கரை

தம்பி வழிப்போக்கன், நான் இஞ்ச ஸ்டுட்கார்ட்டிலதான் கனகாலமா இருக்கிறன், அந்தப் படத்தை முதல் பார்த்தது மகளின்ர பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போகேக்க, பெற்றோரும் வரலாம் எண்டு சொன்னவை. ரீச்சர் முதலில விளக்கமே சொல்லேல்ல, அஞ்சு நிமிசம் பேசாமல் பாருங்கோ, பிறகு கண்டதை மட்டும் சொல்லுங்கோ எண்டா. ஒரு பெடியன் சொன்னான், 'ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கேல்ல' எண்டு. எனக்கு அதுதான் இண்டைக்கும் அந்தப் படம். அவ்வளவு சனம் நெருக்குப்பட்டு நிக்குது, கண்ணோட கண் சந்திக்கிற இடம் எனக்கு ஒண்டும் ஆப்பிடேல்ல.

சும்மா பாக்குறவன் சொல்லுற அந்த மூண்டு முகத்தையும் நானும் தேடினனான். எது குடி, எது கொள்ளைநோய் எண்டு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியேல்ல, எங்களோட வந்த தாய்மாரும் ஆளுக்கொரு முகத்தைக் காட்டினவை. கீறினவர் ஒரு விசயத்தைச் சொல்லிப்போட்டார் எண்டதுக்காகப் படம் அதோட முடிஞ்சிடுமோ?

இன்னொண்டு. படத்தில மேல வடிவாப் பாருங்கோ, வீடுகளுக்கிடையில விளம்பர எழுத்து இருக்கு, இண்டைக்கு டான்ஸ் எண்டு ஜெர்மனில எழுதியிருக்கு. இதில என்ன இருக்கு எண்டு கேப்பியள். முதலாம் உலகச் சண்டை நடந்த காலத்தில பெர்லினில வெளி இடங்களில டான்ஸ் ஆடத் தடை, போர்முனையில ஆக்கள் செத்துக்கொண்டிருக்க இஞ்ச ஆடக்கூடாது எண்டு. 1918 கடைசி நாள் இரவுதான் தடையை எடுத்தவை. அப்ப அந்த விளம்பரம் இருந்த உலகம் எது? களவா நடந்த இடங்களோ, இல்லாட்டி சண்டைக்கு முந்தின பெர்லினோ, இல்லாட்டி தடை கிடை எல்லாம் பேருக்குத்தான் எண்டு நக்கலடிக்கிறாரோ? எனக்கு மூண்டாவதில்தான் விருப்பம்.

அந்த நேரம் பெர்லினில சனம் என்ன சாப்பிட்டது தெரியுமோ? 1916-17 மாரிகாலத்துக்கு இஞ்ச டர்னிப் மாரி எண்டே பேர். உருளைக்கிழங்கு விளைச்சல் பிழைச்சுப் போச்சு, பிரிட்டிஷ்காரன் கடலை மறிச்சுப்போட்டான், மாட்டுக்குப் போடுற கிழங்கைத்தான் அவிச்சுத் திண்டவை, பாணுக்கு அதுக்கு முதலே கூப்பன். லைன் லைனாக் கடைவாசலில நிண்ட சனம். அதே ஊரில, காசுள்ளவனுக்கு எல்லாம் கிடைச்சது. இப்ப திரும்பப் போய் அந்தப் படத்தில இருக்கிற தடிச்ச கழுத்துகளைப் பாருங்கோ. நரகம் எண்டு கீற அவருக்கு வேற இடம் தேவைப்பட்டிருக்குமோ எண்டு எனக்குச் சந்தேகம்.

நைட்_டியூட்டி

நெக்கார்க்கரை அக்கா, டான்ஸ் போர்டு விஷயம் செம்ம. நான் எத்தனையோ தடவ இந்தப் படத்த ஸ்கிரீன்ல பாத்திருக்கேன், அந்தப் பக்கம் யோசிச்சதே இல்ல.

நான் சைக்கியாட்ரி டாக்டர், ஓவியம் சும்மா ஆசைக்கு. இந்தப் படத்தப் பத்தி பேச்சு வந்தாலே ஒருத்தர் வந்து 'கிரோஸ் மனநல ஆஸ்பத்திரியில இருந்தவர், அதனாலதான் இப்படி'ன்னு ஆரம்பிப்பாங்க, அதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். இருந்தது உண்மை. 1914 நவம்பர்ல தானா போய் ராணுவத்துல சேர்ந்தார், 1915ல உடம்பு சரியில்லன்னு அனுப்பிட்டாங்க, 1917 ஜனவரில மறுபடி இழுத்தாங்க, போன கொஞ்ச நாள்ல மனசு ஒடைஞ்சு ஆஸ்பத்திரி, மனநல மருத்துவமனைக்கும் மாத்தினாங்க, அந்த வருஷமே லாயக்கில்லன்னு நிரந்தரமா விடுவிச்சிட்டாங்க. அதுக்கப்புறம்தான் இந்தப் படம்.

ஆனா படத்தப் பாத்து நோய் கண்டுபிடிக்கற வேலை நம்மளுக்கு வேணாம். இது 140 செ.மீ. உயரம் 110 செ.மீ. அகலத்துல கேன்வாஸ்ல எண்ணெய் வண்ணம். சாயுற ஒவ்வொரு கோடும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டு நடுவுல இருக்கற பெட்டிய நோக்கி உங்க கண்ண தள்ளுது, கருப்புக்குள்ள சிவப்பு எங்க நிக்கணும் வெள்ளை எங்க பளிச்சுனு வரணும்னு பாத்துப் பாத்து வெச்சிருக்கார். பொறுமையும் கட்டுப்பாடும் இல்லாம இது முடியாது. வெறி இருக்கறது படத்துல உள்ள கூட்டத்துக்கு. வரைஞ்ச கைக்கு வெறி இல்லன்னுதான் நான் சொல்வேன்.

சிபிலிஸ் பத்தியும் ஒரு வரி. அதுக்கு ரத்தப் பரிசோதனை 1906ல வாசர்மன் கண்டுபிடிச்சது, எர்லிக் குழுவோட சால்வர்சான் மருந்து 1910லயே கடைக்கு வந்தாச்சு, ரெண்டும் ஜெர்மனியில நடந்த வேலை. அப்போ 1917ல அது மருந்தே இல்லாத சாபம் கிடையாது. ஆனா போர்னு வந்தா லட்சக்கணக்குல ஆம்பளைங்க வீட்ட விட்டு முகாம்ல, ஸ்டேஷன்ல, ஊர் ஊரா. நோய் கூடவே பயணம் பண்ணுச்சு. அதனால அந்த மூஞ்சிங்கள நான் பைபிள் பாவம்னு படிக்கல, அன்னைக்கு பெர்லின் டாக்டர் ஒருத்தர் தெனமும் வெயிட்டிங் ரூம்ல பாத்ததுன்னு படிப்பேன். கொள்ளைநோய்னு அவர் சொன்னதும் கூட, படம் முடியற 1918ல ஸ்பானிஷ் ஃப்ளூ வந்து எறங்கிடுச்சு. முன்கூட்டியே தெரிஞ்சு வரைஞ்சார்னு சொல்லல, அப்படி யாராவது எழுதினா நம்பாதீங்க.

வழிப்போக்கன்77

இவ்ளோ விஷயம் வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. கோட்டோவியம் சார், பனிட்சா உயிரோட இருந்தார்ங்கறது எனக்கு பெரிய ஷாக், நான் கல்லறை வாசகம் மாதிரி நெனச்சிட்டேன்.

இன்னும் ரெண்டு. இதே ஆளு வரைஞ்ச 'மாநகரம்'னு ஒரு படம் நெட்ல வந்துச்சு, முழு சிவப்பு, ரெண்டு தெரு பிரியற மூலை, ஜனங்க பறந்துட்டிருக்காங்க. அதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு? அப்புறம் அந்த எக்ஸ்பிரஷனிசம்/டாடா குழப்பம் இன்னும் தீரல. கிர்ஷ்னர்னு ஒருத்தர் பெர்லின் தெருவா வரைஞ்சு தள்ளியிருக்கார், அவரும் இவரும் ஒரே கும்பலா?

கோட்டோவியம்

மாநகரம் படம் இதுக்குக் கொஞ்சம் முந்தினது, 1916-17. இப்ப மாட்ரிட்ல திஸ்ஸன் மியூசியத்துல இருக்கு. அந்த மூலைக் கட்டடம் கற்பனை இல்ல, ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸ ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல இருந்த சென்ட்ரல் ஹோட்டல்னு சொல்றாங்க. அதுல கூட்டம் ரெண்டு பக்கமும் தெறிச்சு ஓடுது, வேகம் இருக்கு, ஒரு வகையில உற்சாகம்கூட இருக்கு, அந்த ஊர் மேல அவருக்கு இருந்த ஆசையும் அருவருப்பும் சரிபாதியா இருக்கறதாத்தான் எனக்குப் படும். சவ ஊர்வலத்துல ஆசை காலி. தெரு ஓடல, அடைச்சு நிக்குது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒரு வருஷத்துக்குள்ள அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னு டாக்டர் சொன்ன 1917 விவரத்தோட சேர்த்துப் படிச்சா புரியும்.

கிர்ஷ்னர் வேற ஆளு. 1905ல டிரெஸ்டன்ல 'ப்ரூக்க'ங்கற எக்ஸ்பிரஷனிஸ்ட் குழுவ (கண்ணுல பட்டத விட மனசுல பட்டத நிறத்துலயும் கோணல்லயும் கொட்டறவங்க) ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், 1911ல பெர்லின் வந்தார், 1913லருந்து 1915 வரைக்கும் அந்தத் தெருப் படங்கள வரைஞ்சார். அவரோட போட்ஸ்டாமர் பிளாட்ஸ் படம் ரெண்டு மீட்டர் உயரம், ஆளுயரத்துக்கு ரெண்டு பொம்பளைங்க ரோட்டுக்கு நடுவுல வட்ட மேடையில நிக்கறாங்க, பாலியல் தொழில் பண்றவங்க, ஒருத்தி விதவைங்க போடற முகத்திரை போட்டிருக்கா. வரைஞ்சது 1914, போர் ஆரம்பிச்ச வருஷம். பின்னாடி கருப்பு கோட்டு போட்ட ஆம்பளைங்க குச்சி குச்சியா, தெரு ஒரு மாதிரி கசப்பான பச்சை. அங்கயும் கூட்டம் உண்டு, தனிமை உண்டு. ஆனா கிர்ஷ்னர் அந்தத் தெருவுல தானும் நடக்கறார், அவரோட நரம்பு துடிக்கறது பிரஷ் கீத்துல தெரியும். கிரோஸ் நடக்க மாட்டார், ஜட்ஜு மாதிரி மேல நின்னு பாப்பார். எக்ஸ்பிரஷனிஸ்டுகள்ட்ட வாங்கின நிறத்தயும் கோணலயும் வெச்சுக்கிட்டு, அவங்களோட 'ஐயோ என் ஆத்மா'வ தூக்கிப் போட்டுட்டார். 1918ல பெர்லின் டாடா குழு, அதாவது போரையும் பழைய கலையையும் நையாண்டி பண்ண கும்பல், ஆரம்பிச்சப்ப அதுல இவரும் இருந்தார். இந்தப் படம் சரியா அந்த வாசப்படியில நிக்கறதாலதான் உங்களுக்கு மூணு லேபிள் கிடைச்சுது. லேபிள் மியூசியம்காரங்க வசதிக்கு, ரொம்ப மண்டைய உடைச்சுக்காதீங்க.

கும்பல் வேறன்னாலும் நாஜிக்கள் எல்லாரையும் ஒரே மூட்டையாத்தான் கட்டினாங்க. 1937 ஜூலையில ம்யூனிக்ல 'சீரழிந்த கலை'ன்னு கண்காட்சி போட்டு கேலி பண்ணாங்க, கிரோஸ், கிர்ஷ்னர் ரெண்டு பேரோட வேலையும் அதுல. மாநகரம் படம் அப்ப மான்ஹைம் மியூசியத்துல இருந்தது, அங்கருந்து தூக்கினாங்க. கிரோஸ் 1933 ஜனவரியிலயே, ஹிட்லர் பதவிக்கு வர்றதுக்கு சில வாரம் முன்னாடி, அமெரிக்காவுக்கு கெளம்பிட்டார். கிர்ஷ்னர் சுவிட்சர்லாந்துல டாவோஸ் பக்கத்துல இருந்தார், 1938ல தன்னையே சுட்டுக்கிட்டார்.

சும்மா_பாக்குறவன், கிறுக்கல்னு சொன்னீங்களே, அத கிரோஸ் கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார். கோடு எப்படிக் கூர்மையா வரணும்னு கத்துக்க சின்னப் பசங்க வரைஞ்சதையும் பொதுக் கழிப்பறைச் சுவத்துல கிறுக்கியிருக்கறதயும் பாத்துப் பாத்து காப்பி பண்ணேன்னு அவரே எழுதியிருக்கார். அகாடமியில ஒழுங்கா படிச்சு, அழகா வரையவும் தெரிஞ்ச ஆளு.

சும்மா_பாக்குறவன்

கக்கூஸ் சுவரா 😀 சரி அத ஒத்துக்கறேன், அது நல்லாருக்கு.

ஆனா ஒண்ணு கேக்கறேன். அக்கா 'கீறினவர் சொன்னதோட படம் முடியாது'ங்கறாங்க, நீங்க 'ஜட்ஜு மாதிரி மேல நின்னு பாப்பார்'ங்கறீங்க, டாக்டர் வெயிட்டிங் ரூம்ங்கறார். அப்ப யாரு என்ன வேணா சொல்லலாமா? நான் இது தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருன்னு சொன்னா அதுவும் சரியா?

நெக்கார்க்கரை

என்ன வேணுமெண்டாலும் சொல்லலாம் தம்பி, சொன்னாப் பிறகு படத்தில கையை வைச்சுக் காட்டோணும். டான்ஸ் எண்டு எழுதியிருக்கு எண்டு நான் சொன்னது சுவரில இருக்கு. கோட்டோவியம் தரை இல்லை எண்டவர், போய்ப் பாத்தாத் தரை இல்லை. நீங்கள் சொல்லுற தெருவில சனம் புடவைக்கடையைப் பாக்கும், பிள்ளையின்ர கையைப் பிடிச்சிருக்கும், விலை பேசும். இஞ்ச ஒரு பிள்ளையின்ர கையை ஒருத்தர் பிடிச்சிருக்கிறதைக் காட்டுங்கோ பாப்பம், நானும் ஓம் எண்டுறன்.

ஆனா பாதிரியார் கிண்டல் எண்டு நீங்கள் சொன்னதில எனக்கு உடன்பாடு இல்லை. அவ்வளவு கருப்புக்கும் சிவப்புக்கும் நடுவில பளிச்செண்டு வெள்ளையா இருக்கிறது அவரும் அந்தச் சிலுவையும்தான். கிண்டலடிக்கிறதெண்டால் தொப்பையும் சிவந்த மூக்குமாக் கீறியிருக்கலாம், கிரோசுக்கு அது தண்ணிபட்ட பாடு, பிறகு அப்பிடிப் பாதிரிமாரைக் கீறியும் இருக்கிறார். இந்தாள் கையை உயர்த்தி நிக்கிறார், ஒருத்தரும் கேக்கேல்ல. எனக்கு அவரில பரிதாபம்தான் வருது.

நைட்_டியூட்டி

பரிதாபம்ங்கறது எனக்குக் கொஞ்சம் ஓவராப் படுது அக்கா. அந்தச் சிலுவை ரெண்டு பக்கமும் போரையும் ஆசீர்வாதம் பண்ணிட்டுத்தான இருந்துச்சு. ஜெர்மன் சிப்பாய் பெல்ட்டு பக்கிள்லயே 'கடவுள் நம்ம பக்கம்'னு அச்சு குத்தியிருக்கும். கிரோஸ் அந்த வாசகத்தையே தலைப்பா வெச்சு ராணுவத்தக் கிழிச்சு ஒரு படத்தொகுப்பு போட்டு 1921ல அபராதம் கட்டினார். 1928ல சிலுவையில தொங்கற ஏசுவுக்கு கேஸ் மாஸ்க்கும் பூட்ஸும் மாட்டி வரைஞ்சு தெய்வ நிந்தனை கேஸ்ல மாட்டினார், கீழ்க்கோர்ட்டு மேல்கோர்ட்டுன்னு பல ரவுண்டு போய்க் கடைசியில விடுதலை. பனிட்சாவ தண்டிச்ச அதே குத்தச்சாட்டு, பத்து வருஷம் கழிச்சு சமர்ப்பணம் பண்ணவர் மேலயே.

ஆனா அந்த கேஸ்லயும் அவர் தரப்புல சொன்னது ஏசுவக் கிண்டல் பண்ணல, ஏசு இன்னைக்கு வந்தா அவருக்கும் மாஸ்க் மாட்டி முன்னணிக்கு அனுப்புவீங்கங்கறதுதான். அந்தக் கணக்குல பாத்தா உங்க பாதிரியாரும் நல்லவராவே இருக்கலாம், வாயடைச்சுப்போன நல்லவர். எனக்கு இன்னும் முழுசா மனசு வரல, அவ்ளோதான்.

சும்மா_பாக்குறவன்

பாதிரியார் மேட்டர்ல நான் டாக்டர் பக்கம். வெள்ளையா இருந்தா நல்லவன்னு எந்த ஊர் சட்டம்? அந்த எலும்புக்கூடும் வெள்ளைதான்.

நெக்கார்க்கரை

அட, அது நல்ல கேள்வி. அப்ப சாவும் சிலுவையும் ஒரே நிறத்தில, மிச்சமெல்லாம் வேற நிறம். இதை வைச்சு ரெண்டு பக்கமும் வாதாடலாம் போல கிடக்கு. வாற கிழமை மகளோட திரும்பப் போறன், கிட்ட நிண்டு அந்த வெள்ளை ரெண்டும் ஒரே வெள்ளையோ எண்டு பாத்துச் சொல்லுறன், போனில பாக்கிறதை நம்பேலாது.

வழிப்போக்கன்77

நானும் வர்ற ஞாயிறு மறுபடி போறேன். அத விட்டா ஸ்டட்கார்ட்ல இதே மாதிரி நகரக் கூட்டம் வேற எங்கயாவது பாக்க முடியுமா, இல்ல பெர்லினுக்கே டிக்கெட் போடணுமா?

கோட்டோவியம்

பெர்லின் எல்லாம் அப்புறம். அங்கருந்து நடந்து போற தூரத்துலயே ஷ்லாஸ்பிளாட்ஸ் ஓரமா கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு பில்டிங் இருக்கு, குன்ஸ்ட்மியூசியம். அதுல ஆட்டோ டிக்ஸ்னு இன்னொரு ஜெர்மன் ஓவியர் வரைஞ்ச, அதே பேருள்ள 'மாநகரம்' இருக்கு, 1927-28, சர்ச் பீடத்துல வெக்கற மாதிரி மூணு பலகையா. நடுப்பலகையில ஜாஸ் பேண்டும் டான்ஸும் பட்டுத்துணியும், ரெண்டு ஓரத்துலயும் தெருவுல போர்ல காலு போன சிப்பாயும் பாலியல் தொழிலாளிகளும். கிரோஸ் ஒரே சட்டத்துக்குள்ள போட்டு நசுக்கினத டிக்ஸ் மூணா வெட்டி, உள்ள யாரு வெளிய யாருன்னு கோடு போட்டுக் காட்டுறார். நெக்கார்க்கரை மேடம் சொன்ன டான்ஸ் போர்டு பத்து வருஷம் கழிச்சு ஹாலாவே ஆயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. ஒரே நாள்ல ரெண்டையும் பாத்துட்டு வந்து இங்க எழுதுங்க, ஆனா கிரோஸ மொதல்ல பாருங்க, டிக்ஸ் பாத்துட்டுப் போனா கிரோஸ் அவசரமா வரைஞ்ச மாதிரி தோணும்.

சும்மா_பாக்குறவன்

அதுலயாவது யாராவது யாரையாவது பாக்கறாங்களா?

கோட்டோவியம்

இடதுபக்கப் பலகையில ஒரு நாய் அந்தக் கால் இல்லாத சிப்பாயப் பாத்துக் குரைக்குது.